விருந்தினர் கையில் மண்வெட்டி

சேத்தியாத்தோப்புக் குறுக்கு ரோட்டில் நிற்பவர்க்கு நான்கு திசையும் வழிதான். கிழக்கே போனால் சிதம்பரம், மேற்கே போனால் விருத்தாசலம், தெற்கே கும்பகோணம், வடக்கே நெய்வேலி வழியாகப் பண்ணுருட்டி. வந்து போகிறவர்களைப் பார்த்துப் பழகிய ஊர் நம்முடையது. நம் பிள்ளைகளும் இந்தச் சந்திப்பில்தான் கையில் பெட்டியோடு பேருந்து ஏறுகிறார்கள். வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போவோர் பலர். துறவற உடை அணிந்து, நற்செய்திப் பணிக்கென்று கடல் கடந்து போவோர் சிலர். அந்தச் சிலரைக் குறித்தே இக்கட்டுரை.

சென்ற ஆண்டு மறைபரப்பு ஞாயிறுக்கு முந்திய வாரம், நம் பகுதியைச் சேர்ந்த அருட்சகோதரி ஒருவர் ஆறு ஆண்டுகளுக்குப் பின் விடுமுறையில் வந்திருந்தார். தான்சானியா நாட்டில், விக்டோரியா ஏரிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், மருந்தகமும் தையல் பள்ளியும் நடத்தும் குழுமத்தில் பணியாற்றுகிறார். பங்கிலுள்ள பெரியவர்கள் சிலர் அவருடைய தந்தையார் வீட்டுத் திண்ணையில் கூடினோம். சிங்கத்தைப் பார்த்ததுண்டா, அரிசி கிடைக்குமா, வெயில் எப்படி என்றெல்லாம் கேட்டோம். அவரும் முகம் கோணாமல் விடை சொன்னார். மக்காச்சோள மாவைக் கிளறிச் செய்யும் உகாலியே அங்கு அன்றாட உணவு என்றார். இளையோர் மூத்தோரைக் கண்டால் 'ஷிகமோ' என்று வணங்குவர். 'உங்கள் பாதம் பற்றுகிறேன்' என்பதே அச்சொல்லின் ஆதிப்பொருள் என்றார். நாம் வியந்தோம். பிறகு அவர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

"ஐயா, இவ்வளவு நேரம் நீங்கள் கேட்டீர்கள். இப்போது நான் ஒன்று கேட்கலாமா?" என்றார்.

அவர் கேட்டது இதுதான். அவ்வூரில் கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். மருந்தகத்துக்கு அடிக்கடி வருபவர்; சகோதரிக்கு உகாலி கிளறக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. ஒரு மழைக்காலத்தில் அக்கம்பக்கத்தில் இரண்டு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. மூதாட்டி சூனியம் வைத்தார் என்று பேச்சு எழுந்தது. பேச்சு வளர்ந்தது. ஒரு நாள் இரவு அவருடைய குடிசைக் கூரையைப் பிய்த்தெறிந்தார்கள். விடிந்தபோது மூதாட்டி ஊரில் இல்லை. வேற்றூரில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சகோதரிக்கு எல்லாம் தெரியும். ஆயினும் அவர் வாய் திறக்கவில்லை. 'நான் வந்தவள். இது அவர்கள் ஊர், அவர்கள் வழக்கம். நேற்று வந்தவள் நியாயம் பேசலாமா?' என்று அடங்கியிருந்தார். சில வாரங்கள் கழித்து அவ்வூர் வேதியரின் மனைவி அவரிடம் சொன்னாராம்: "சிஸ்டர், நீங்கள் பேசுவீர்கள் என்று நாங்கள் சில பெண்கள் காத்திருந்தோம்." அதற்குச் சகோதரி சொன்னது: "நீங்கள் பேசுவீர்கள் என்று நான் காத்திருந்தேன்."

"நான் அன்று செய்தது பணிவா, கோழைத்தனமா? அடுத்த மாதம் திரும்பிப் போகிறேன். தெரிந்துகொண்டு போக விரும்புகிறேன்" என்றார்.

திண்ணையில் இருந்தவர் எவரிடமும் அன்று விடை இல்லை. பிறர் நாட்டுக்குப் பணிசெய்யப் போகிறவர் அங்கே எதுவரை விருந்தினர்? எங்கே தொடங்கி அவ்வூர்க்காரர்? எதற்கெல்லாம் தலைவணங்க வேண்டும், எதற்கு வணங்கக் கூடாது? இது அந்தச் சகோதரி ஒருவரின் கேள்வி மட்டுமன்று. நம்மிடம் வந்தவர்களும் இதே கேள்வியோடு மல்லாடினார்கள். அவர்கள் பெற்ற வெற்றியும் பட்ட தோல்வியும் நம் மண்ணிலேயே பதிந்து கிடக்கின்றன. ஆகவே இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை.

கேட்பதில் தொடங்குவது

சமாரியாவின் கிணற்றடியில் ஆண்டவர் இயேசு முதலில் போதிக்கவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். அந்நிய நாட்டில், அந்நியப் பெண் ஒருத்தியின் கையிலிருந்து பெற்றுக்கொள்ள அவர் தயங்கவில்லை. தமக்கு ஒரு குறை உண்டு, அதைத் தீர்க்கவல்லது அவளிடம் உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகே உரையாடல் பிறந்தது. தம் சீடர்களை அனுப்பியபோதும் பையும் பணமும் இல்லாமல் போகச் சொன்னார். பை நிறைய இருந்தால் எவர் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டிய தேவை இராது அல்லவா?

நன்மை செய்ய வருகிறவர்களை எதிர்கொண்ட அனுபவம் நம் பகுதி மக்களுக்கு உண்டு. 1956-இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. சோவியத் நாட்டின் துணையோடு அனல்மின் நிலையம் எழுந்தது. ஜெர்மானிய இயந்திரங்கள் நிலத்தைத் தோண்டின. நாட்டுக்கு வெளிச்சம் வந்தது. நம்மவர் பலருக்கு வேலையும் வந்தது. ஊரும் வயலும் பெயர்ந்த குடும்பங்களும் உண்டு. அக்குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். வந்த நன்மையை அவர் மறுக்க மாட்டார். 'எங்களிடம் யார் கேட்டார்கள்?' என்றுதான் சொல்வார். கேளாமல் செய்யப்பட்ட நன்மை, நன்மையாகவே இருந்தாலும், பெற்றவர் உள்ளத்தில் ஒரு முள்ளை விட்டுப் போகிறது. நற்செய்திப் பணிக்குப் போகிறவர் இதை மறக்கலாகாது.

கேட்பதற்கு முதலில் மொழி வேண்டும். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் கோவா வந்து, அவ்வாண்டே முத்துக்குளித்துறைக்குச் சென்றார். துபாஷிகளின் உதவியால் செபங்களைத் தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்து, மணியடித்துக் கொண்டு தெருத்தெருவாய்க் கற்பித்தார். 1544-இல் தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு எழுதிய மடல் ஒன்றில் அவர் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாச அறிக்கையில் 'வேணும்' என்னும் சொல்லை நீக்கிவிட்டு, விசுவசிப்பதைக் குறிக்கும் சொல்லை இடுமாறு கேட்கிறார். முன்னது 'விரும்புகிறேன்' என்றுதான் பொருள்படும் என விளக்கமும் தருகிறார். அப்படியானால் அதுவரை ஆயிரக்கணக்கான பரதவ மக்கள் 'விசுவசிக்கிறேன்' என்பதற்குப் பதிலாக 'எனக்கு வேணும்' என்றே சொல்லிவந்தார்கள்! நகைக்க வேண்டிய செய்தி அன்று இது. அம்மாபெரும் புனிதர் தம் பிழையை ஒப்புக்கொண்டு, கடிதம் எழுதித் திருத்தினார் என்பதே நாம் கற்க வேண்டியது. ஆர்வம் எத்துணை பெரிதாயினும் மொழியறிவின் குறையை அது ஈடுசெய்யாது.

அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழைக் கற்று, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றினார். இந்திய மொழி எழுத்தில் நம் நாட்டில் அச்சாகி நம் கைக்குக் கிடைத்துள்ள முதல் நூல் அது. 1606-இல் மதுரை வந்த தத்துவ போதகர் இன்னும் ஆழமாய்க் கேட்டார். 'கிறித்தவனாக விருப்பமா?' என்னும் கேள்வியைத் துபாஷிகள் 'பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா?' என்றே மக்களிடம் கேட்டுவந்ததை அவர் கண்டுகொண்டார். கிறிஸ்துவை ஏற்க அழைத்த அழைப்பு, தன் உறவை விட்டு அந்நியரின் குலத்தில் சேர அழைக்கும் அழைப்பாக மக்கள் செவியில் விழுந்திருந்தது.

நம் சகோதரிக்கும் இந்த அனுபவம் நேர்ந்திருக்கிறது. தாம் ஐரோப்பியர் அல்லர். ஆண்டவர் இனத்தவர் அல்லர். ஆகவே அம்மக்கள் தம்மை எளிதில் ஏற்பர் என்று எண்ணிப் போனார். ஆனால் தெருப்பிள்ளைகள் அவரை 'முஹிந்தி' என்று அழைத்தார்கள். இந்தியர் என்று பொருள்; அந்நாட்டில் அச்சொல்லோடு கடைக்காரர் என்னும் நினைவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமக்கு முன்னே தம் நிழல் அவ்வூருக்குப் போய்ச் சேர்ந்திருந்ததை அவர் அன்று உணர்ந்தார். பணிக்குப் போகிற எவரும் வெற்று மனிதராய்ப் போய் இறங்குவதில்லை. தம் இனத்தார் அங்கே முன்பு என்ன செய்தார்கள் என்பதையும் சுமந்தே போகிறார்.

மூன்றாம் நாள்

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது நம் பழமொழி. அதற்கு மேல் தங்கினால் என்ன ஆகும் என்று நம்மவர் வெளிப்படையாய்ச் சொல்லவில்லை. குறிப்பால் உணர்த்தி விட்டுவிட்டார்கள். சுவாகிலி மொழியிலும் இதற்கு இணையான பழமொழி ஒன்று உண்டு எனச் சகோதரி சொன்னார். விருந்தினர் இரண்டு நாள். மூன்றாம் நாள் அவர் கையில் மண்வெட்டி கொடு என்பது அது. தான்சானியாவின் தந்தை எனப்படும் ஜூலியஸ் நியரேரே உழைப்பின் மாண்பை வலியுறுத்த எடுத்துக்காட்டிய பழமொழி. தங்க வந்தவரை அவர்கள் விரட்டுவதில்லை; வேலையில் சேர்த்துக்கொள்கிறார்கள். மண்வெட்டி பிடித்தவர்க்கு விளைச்சலில் பங்குண்டு; விளைச்சலில் பங்குள்ளவர்க்கு ஊர்ப்பேச்சிலும் பங்குண்டு.

மண்வெட்டி பிடித்த விருந்தினர் ஒருவரின் நினைவிடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விருத்தாசலத்துக்கு அப்பால் கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் திருத்தலத்துக்குத் தை மாதத் திருவிழாவில் போய்வராத கத்தோலிக்கக் குடும்பம் நம் பகுதியில் குறைவு. வீரமாமுனிவர் இத்தாலியின் காஸ்திலியோனே நகரில் 1680-இல் பிறந்தவர். 1711-இல் மதுரை மறைத்தளத்தில் பணி தொடங்கியவர். தாயகம் திரும்பாமல் 1747-இல் மறைந்தவர். கோணான்குப்பத்தில் அவர் தேவதாயைச் சேலையுடுத்திய தமிழ்ப் பெண்ணாய் நிறுத்தினார். விருத்தாசலம் கோயிலின் அம்மனை மக்கள் அழைத்துப் பழகிய பெயராலேயே அவ்வன்னையையும் அழைத்தார். புனித சூசையப்பரைத் தலைவராக்கி 3,615 பாடல்களில் 'தேம்பாவணி' பாடினார். 1732-இல் 'சதுரகராதி' தொகுத்தார். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வரிவடிவில் பிரித்தறிய அவர் வகுத்த வழியையே இன்றும் நாம் பின்பற்றுகிறோம். இந்த இதழில் நீங்கள் படிக்கும் ஒவ்வொரு வரியிலும் அவ்விருந்தினரின் மண்வெட்டி பட்ட இடம் உண்டு.

அவரே 'பரமார்த்த குருவின் கதை'யையும் எழுதினார். மூட குருவையும் அவருடைய ஐந்து சீடரையும் நம்மோடு சேர்ந்து நகைத்தார். தாமும் ஒரு குருவாய் இருந்துகொண்டே குருமாரைக் கேலி செய்ய அவருக்கு முடிந்தது. நேற்று வந்தவர் அதைச் செய்திருந்தால் ஊர் பொறுத்திருக்குமா? நெடுநாள் உழைத்தவர் என்பதால் நாம் அவரோடு சேர்ந்து சிரிக்கிறோம்.

நம் நாட்டிலிருந்து கடல் கடந்து போனவர் ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். கோவாவில் 1651-இல் பிறந்த புனித யோசேவ் வாஸ் 1687-இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கே தடை. அவருக்குப் பின்னால் படையோ அரசோ நிற்கவில்லை. போன இடத்தில் முதலில் நோயில் விழுந்தார். இரங்கிக் கஞ்சி வார்த்தவர்களின் தயவால் பிழைத்தார். கொடுக்கப் போனவர் பெற்றுக்கொண்டே தம் பணியைத் தொடங்கினார். கண்டியில் அவரைப் போர்த்துக்கீசிய உளவாளி என்று சிறையிட்டார்கள். பின்னர் 1697-இல் அந்நகரில் அம்மை நோய் பரவியபோது, உற்றாரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடிய வேளையில், அவர் வீடு வீடாய்ச் சென்று பணிவிடை புரிந்தார். இறந்தவர்களை அடக்கம் செய்தார். அதன்பின் கண்டியில் அவரை ஐயுற்றவர் இலர். 1711-இல் அங்கேயே இறந்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு நகரில் அவரைப் புனிதராய் அறிவித்தார். வாஸ் அடிகளார் பிடித்த மண்வெட்டி, கண்டியில் புதைகுழி தோண்டிய மண்வெட்டி.

பழகிய கண்

இதுவரை சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் விடை எளிதாய்த் தோன்றும். பணிவாய்ப் போ, மொழியைக் கற்றுக்கொள், அவர்களில் ஒருவராய் வாழ். ஆனால் நம் வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்துவிட்டுச் சகோதரிக்கு விடை சொல்வது நேர்மையாகாது.

தத்துவ போதகர் நம் வழக்கங்களைக் கற்றார்; காவி உடுத்தார்; புலால் துறந்தார்; பூணூலும் சந்தனமும் சமயச் சின்னங்கள் அல்ல, சமூக வழக்கங்களே என்று வாதாடினார். 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கமே தீர்ப்பளித்தார். அந்தத் துணிவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் சமூக வழக்கம் என்று அவர் ஏற்றவற்றுள் சாதியும் இருந்தது. உயர்குலத்தாரின் குரு தாழ்த்தப்பட்டோரோடு பழகலாகாது என்பதால், 1640 முதல் பண்டாரசாமிகள் என்னும் தனிக் குருக்கள் எளிய மக்களுக்கென நியமிக்கப்பட்டனர். ஒரே ஆண்டவர், ஒரே திருமுழுக்கு; ஆனால் இரண்டு வகைக் குருக்கள். ஆண்டுகள் ஓடின. நம் நாட்டு வழக்கத்தை மதிக்கக் கற்ற நல்லவர்கள், நம் நாட்டுப் பாவத்தையும் மதிக்கப் பழகிவிட்டார்கள். நோயுற்றுக் கிடக்கும் சேரிக் கிறித்தவரின் குடிசைக்குள் குரு நுழைய மாட்டார். இறுதி அருளடையாளம் பெற நோயாளியை வெளியே தூக்கிவர வேண்டும் என்னும் நிலையும் வந்தது.

1703 நவம்பரில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் வந்திறங்கினார். ஏறத்தாழ எட்டு மாதங்கள் தங்கினார், பெரும்பகுதி நோய்ப்படுக்கையில். தமிழ் அறியார், உள்நாட்டு ஊர்களைப் பார்த்தவர் அல்லர். 1704 சூனில் பதினாறு பகுதிகள் கொண்ட ஆணையில் ஒப்பமிட்டார். அடுத்த மாதம் கப்பல் ஏறிவிட்டார். திருமணத்தில் தேங்காய் உடைப்பது, பெண் பூப்பெய்தியதைக் கொண்டாடுவது எனப் பலவற்றை அந்த ஆணை தடுத்தது. அவற்றுள் எத்தனையோ அவருக்குப் புரியாதவை. நம் முன்னோர்க்கு அந்த ஆணை விளைத்த துன்பம் நெடுங்காலம் நீடித்தது. கேளாமல் தீர்ப்பிடும் விருந்தினருக்கு இவரைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆயினும் அதே ஆணையில் இன்னொரு கட்டளையும் இருந்தது. தாழ்த்தப்பட்ட கிறித்தவர் நோயுற்றால் குருக்கள் அவர்கள் இல்லத்துக்கே சென்று அருளடையாளம் வழங்க வேண்டும்; மறுக்கக் கூடாது. எட்டு மாத விருந்தினரின் கண்ணுக்கு, அரை நூற்றாண்டுக்கு மேலாய் இங்கே உழைத்துவந்தவர்களின் கண்ணுக்குத் தென்படாத ஒன்று தென்பட்டது. புதிய கண்ணுக்கு அநீதி அநீதியாகவே தெரிந்தது. பழகிய கண்ணுக்கு அது வழக்கமாய்த் தெரிந்தது.

இந்தச் செய்தி நம்மைத் திகைக்க வைக்கிறது. நெடுநாள் உழைப்பு பேசும் உரிமையைத் தருகிறது என்றோம். அதே உழைப்பு கண்ணைக் காய்த்துப்போகவும் செய்கிறதே! மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு ஏறுவதுபோல உள்ளத்திலும் ஏறிவிடுகிறது. அப்படியாயின் யாரை நம்புவது? பணிந்து பழகியவரையா, பழகாமல் ஆணையிட்டவரையா?

சுவர் இடிந்த கதை

இந்தக் கேள்விக்கு நம் மறைமாவட்டத்தின் தலைநகரிலேயே ஒரு விடை உண்டு. 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் தூர்னோனின் ஆணைகளைப் பெரும்பாலும் உறுதிசெய்து இறுதித் தீர்ப்பு வழங்கினார். ஆனால் சுவர்கள் ஆணைகளால் மட்டும் இடிவதில்லை. புதுச்சேரிக் கோயிலின் உள்ளே தாழ்த்தப்பட்டோரை மற்றவரிடமிருந்து பிரித்து ஒரு சுவர் நின்றது. 1745 அக்டோபரில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அவர் கிறித்தவர் அல்லர். நமக்காகப் பரிந்து எழுத அவருக்குக் காரணம் இல்லை. சேரி மக்கள் ஒன்றாய்த் திரண்டு பெரிய குருவிடம் சென்றார்கள். நாங்களும் உம்முடைய சீடர் என்றால் எங்களை ஏன் பிரித்துவைக்கிறீர், ஆண்டவர் அப்படிப் பிரித்ததுண்டா என்னும் கருத்துப்பட முறையிட்டார்கள். குரு அதற்குச் செவிசாய்த்தார். சுவர் இடிக்கப்பட்டது.

யார் இதைச் செய்தார்? உரோமையிலிருந்து வந்த ஆணை மட்டும் அன்று. ஆணை வந்து பல்லாண்டுகள் சுவர் நின்றுகொண்டுதான் இருந்தது. நெடுநாள் பழகிய குருக்களின் பரிவு மட்டும் அன்று. அந்தப் பரிவுக்குள்ளேயே சுவர் வளர்ந்திருந்தது. காயப்பட்டவர்கள் தாமே வாய் திறந்தார்கள், வந்தவர் அதைக் கேட்டார், கேட்டபின் தயங்கவில்லை. இந்த மூன்றும் கூடியபோதே சுவர் விழுந்தது.

ஒரு நாட்டுக்கு ஒரே குரல்தான் உண்டு என்று விருந்தினர் எண்ணிவிடுகிறார். இது அவர்கள் வழக்கம் என்று நாம் சொல்லும்போது, அவர்கள் என்பவர் யார்? கூரையைப் பிய்த்தவர்களும் அவ்வூரார். கூரை இழந்த மூதாட்டியும் அவ்வூராரே. மௌனமாய் நின்ற வேதியரின் மனைவியும் அவ்வூராரே. ஊரின் வழக்கத்தை மதிக்கிறேன் என்று சகோதரி அடங்கியிருந்தபோது, அவர் அறியாமலேயே ஊரின் ஒரு பகுதிக்கு மட்டும் மதிப்பளித்துவிட்டார். உரத்த குரலைக் கேட்டார். மெல்லிய குரல் செவியில் விழவில்லை.

ஆகவே நமக்குத் தோன்றும் விடை இது. உணவிலும் உடையிலும் மொழியிலும் வணக்கத்திலும் பாட்டிலும் விருந்தினர் வீட்டாருக்குத் தலைவணங்கட்டும்; அதற்கு எல்லை இல்லை. ஆனால் அவ்வீட்டிலேயே ஒருவர் அடிபட்டுக் கிடந்தால், அவர் பக்கத்தில் போய் உட்காரட்டும். தீர்ப்பு வழங்க வேண்டாம், ஆணையிட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டால் போதும். அந்தக் கேள்வியே பலருடைய வாயைத் திறக்கும். அன்று மருந்தகத்துச் சகோதரி அம்மூதாட்டியின் குடிசை வாசலில் ஒரு மாலைப்பொழுது சும்மா உட்கார்ந்திருந்தால், வேதியரின் மனைவியும் வந்து உட்கார்ந்திருப்பார். இருவர் உட்கார்ந்தால் நால்வர் வருவர். கூரை பிழைத்திருக்குமா என்பதை நாம் அறியோம். ஆனால் மூதாட்டி தனியாய் இருட்டில் ஊரைவிட்டுப் போயிருக்க மாட்டார்.

நம் திண்ணையில்

இவ்விடையை நாம் ஒருவாறு தேறிச் சொன்னது இரண்டு வாரங்களுக்குப் பின், சகோதரி புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு. அவர் தலையசைத்தார். பிறகு, அன்று சொல்லாது விட்ட ஒன்றைச் சொன்னார்.

"வேதியரின் மனைவி என்னிடம் இன்னொன்றும் கேட்டார், ஐயா. 'உங்கள் நாட்டில் இப்படியெல்லாம் இல்லையா, சிஸ்டர்?' என்று. எனக்கு நம் பகுதியில் நான் பார்த்த இரண்டு கல்லறைத் தோட்டங்கள் நினைவுக்கு வந்தன. செத்த பிறகும் தனித்தனியாய்ப் படுத்திருக்கிறோமே! அவருக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?"

இப்போதும் திண்ணையில் எவரும் வாய் திறக்கவில்லை. இம்முறை விடை தெரியாததால் அன்று. 1745-இல் புதுச்சேரியில் விழுந்த சுவர், அங்கேயும் வேறிடங்களிலும் வேறு வடிவங்களில் மீண்டும் எழுந்ததை நாம் அறிவோம். கல்லறைத் தோட்டத்திலும், தேர் வரும் தெருவிலும், மணப்பேச்சிலும் அது நிற்பதை நாள்தோறும் பார்க்கிறோம். பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. தூர தேசத்தில் ஒரு பெண் சாதாரணமாய்க் கேட்ட கேள்வி, தூர்னோனின் கண்ணைப்போல, நம் பழகிய கண்ணில் வந்து உறுத்தியது.

மறைப்பணி ஒருவழிப் பாதை என்று நாம் எண்ணியிருந்தோம். நம்மிடம் உள்ளதை இல்லாதவரிடம் கொண்டுசேர்ப்பது. அதற்கு ஆண்டுக்கு ஒரு ஞாயிறு உறையில் காணிக்கை இடுவது. இவ்வளவே நம் கடமை என்று இருந்துவிட்டோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் மறைப்பணி பற்றிய ஏட்டை வெளியிட்டபோது, திருச்சபை முழுவதும் தன் இயல்பிலேயே பயணம் செய்வது, அனுப்பப்பட்டது என்று கற்பித்தது. அனுப்பப்பட்டவர் திரும்பியும் வருவார். வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை. அந்தச் சகோதரி நமக்காக ஒரு கேள்வியைக் கொண்டுவந்திருக்கிறார். அதை வாங்கிக்கொள்வதும் மறைபரப்பு ஞாயிறின் கடமைதான்.

அவர் புறப்பட்ட நாளன்று அதிகாலையில் குறுக்கு ரோட்டுக்குப் போனோம். சென்னை செல்லும் பேருந்து வரச் சற்றுத் தாமதம். அவருடைய அன்னையார் ஒரு பையில் புளியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். "அங்கே போனதும் முதலில் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று நம்மில் ஒருவர் கேட்டார். மூதாட்டி தங்கியிருக்கும் ஊரை விசாரித்து வைத்திருப்பதாகவும், வேதியரின் மனைவியையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்வரப் போவதாகவும் சொன்னார். போய் என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லையாம். "முதலில் ஷிகமோ சொல்வேன், அப்புறம் அவர் சொல்வதைக் கேட்பேன்" என்றார்.

பேருந்து வந்தது. அவர் ஏறிய பின் நாம் வீடு திரும்பினோம். வரும் வழியில் நம்முள் ஒருவர், நவம்பர் மாதம் கல்லறைத் திருநாளுக்கு இரண்டு தோட்டங்களையும் மந்திரிக்கும்போது இரண்டுக்கும் எல்லாருமாய்ச் சேர்ந்து போனால் என்ன என்று கேட்டார். சின்னக் காரியம்தான். அடுத்த பங்குப்பேரவையில் பேசுவதாக முடிவு செய்திருக்கிறோம்.